கல்கத்தாவுக்குப் போனவர்களும் நாக்பூருக்குப் போகிறவர்களும்: சிவகாசியில் தொழிலறிவு தேடப்பட்ட வரலாறு குறித்து

சிவகாசியைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இரண்டு கதைகளில் ஒன்று வந்து விழுந்துவிடும். ஒன்று, வானம் பார்த்த கதை. மழை கிடையாது, வெள்ளாமை பொய்த்தது, காற்றில் ஈரமில்லை; அதனால் தீப்பெட்டி, அதனால் பட்டாசு. பள்ளிக்கூட பூகோளப் பாடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்ட கதை இது. மற்றது வீரபுருஷர் கதை. அய்ய நாடார், சண்முக நாடார் என்று பங்காளிகளான இரண்டு இளைஞர்கள் 1920களின் தொடக்கத்தில் (1922 என்பது பொதுவாகச் சொல்லப்படும் வருஷம்) கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள், தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள், பிறகு நடந்ததெல்லாம் 'குட்டி ஜப்பான்'. நேரு அப்படிச் சொன்னார் என்பது ஊரில் நிலைத்துவிட்ட பேச்சு.

முதல் கதையைத் தள்ளிவைப்பது சுலபம். பழைய ராமநாதபுரம் ஜில்லா முழுக்கவே மழை குறைந்த சீமைதான். முதுகுளத்தூரில் காய்ந்த காற்றுக்குப் பஞ்சமா? அங்கே ஏன் ஒரு தீப்பெட்டி ஆபீசும் முளைக்கவில்லை? வறட்சி தொழிலை உண்டாக்காது. வறட்சியில் கிடந்த மனிதர்களைக் குறைந்த கூலிக்குக் கிடைக்கச் செய்யும். அது வேறு சங்கதி, அதற்குப் பிறகு வருவோம்.

இரண்டாவது கதையில் விசயம் இருக்கிறது. புதிதாக ஒரு தொழிலில் இறங்குகிறவனுக்கு முதலில் தெரிய வேண்டியது எதைச் செய்வது என்பதைவிட யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான். எந்தக் கதவு தட்டினால் திறக்கும், எது திறக்காது, திறந்தாலும் எவ்வளவு தூரம் உள்ளே விடுவார்கள்? இவற்றைத் தட்டுகிறவனின் சாமர்த்தியம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கதவுகளைக் கட்டி வைத்திருப்பவை அரசு, சாதி, கம்பெனி, சட்டம் என்கிற நிறுவனங்கள். வீரபுருஷர் கதை இந்தக் கதவுகளை எல்லாம் அழித்துவிட்டு ரயிலை மட்டும் காட்டுகிறது. சிவகாசியின் நூறு வருஷ வரலாற்றைக் கதவுகளின் வரலாறாகப் படித்தால் என்ன கிடைக்கிறது என்று பார்க்கலாம்.

1922இல் ராமநாதபுரம் ஜில்லாவின் ஒரு சின்ன வியாபார ஊரிலிருந்து பார்த்தால் எந்தெந்தக் கதவுகள் தெரிந்திருக்கும்?

சர்க்கார் கதவு ஒன்று. சென்னை மாகாணம் இந்த விசயத்தில் ஒரு காலத்தில் மற்ற மாகாணங்களுக்கு முன்னே போனது. ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலையும் குரோம் தோல் பதனிடுதலையும் சர்க்கார் செலவில் செய்துகாட்டினார். ஐரோப்பிய வணிகர்களுக்கு இது பிடிக்கவில்லை. லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி, சர்க்கார் தொழிலில் இறங்கிச் செய்துகாட்டக் கூடாது, தொழிற்கல்வி கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று 1910இல் உத்தரவு போட்டார். முதல் யுத்தத்தில் இறக்குமதி நின்று கையைக் கடித்தபோதுதான் 1916இல் ஹாலண்ட் தலைமையில் தொழிற் கமிஷன் வந்தது. 1919 சீர்திருத்தத்தில் தொழில் இலாகா மாகாண மந்திரிகள் கைக்கு மாறியது. தொழில்களுக்கு அரசு உதவி தரும் சென்னைச் சட்டம் 1922இல் நிறைவேறி அடுத்த வருஷம் அமலுக்கு வந்தது. ஆக, நம்மவர்கள் ரயிலேறிய நேரத்தில் சர்க்கார் கதவு அப்போதுதான் கீல் மாட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் மனு எழுதி, சொத்துக் காட்டி, அதிகாரி பார்வைக்குக் காத்திருக்கும் கதவு அது.

அடுத்தது கம்பெனி கதவு. 1922இல் இந்திய அரசு வரவுசெலவுத் துண்டை அடைக்க, இறக்குமதித் தீப்பெட்டிக்கு குரோஸ் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் வரி போட்டது. உள்நாட்டுத் தொழிலை வளர்க்கும் நோக்கம் அதில் இல்லை, காசுக்குப் போட்ட வரி. ஆனால் வரி என்பது போட்டவன் நினைத்த வேலையை மட்டும் செய்யாது. வெளியிலிருந்து பெட்டியாக வர முடியாத ஸ்வீடன்காரன் உள்ளே வந்து ஆலை கட்டினான். 1923இல் உருவான வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, அதாவது விம்கோ, ஸ்வீடன் தீப்பெட்டி ஏகபோகத்தின் இந்தியக் கிளை. (சென்னைத் திருவொற்றியூரில் இன்று மெட்ரோ ரயில் நிற்கிற விம்கோ நகர் அதன் ஆலை விட்டுப்போன பெயர்தான்.) அந்தக் கம்பெனியின் அறிவு இயந்திரத்துக்குள் பூட்டியிருந்தது. அங்கே போய் சிவகாசிக்காரன் எதைக் கேட்பான்? ஆனால் அதே வரிச்சுவர் அவனுக்கும் நிழல் கொடுத்தது என்பதை மறக்கக் கூடாது. 1928இல் தீர்வை வாரியம் அந்த வரியைப் பாதுகாப்பு வரியாகவே நீடிக்கலாம் என்றது.

மிச்சமிருந்தது கல்கத்தா. அங்கே கதவு ஏன் திறந்திருந்தது? வங்காளப் பிரிவினைக்கு முந்தின வருஷம், 1904இல், ஜோகேந்திர சந்திர கோஷ் இந்தியர்களின் விஞ்ஞானத் தொழிற்கல்விக்காக ஒரு சங்கம் தொடங்கி மாணவர்களை ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினார். சோப்பு, பீங்கான், தீப்பெட்டி என்று கற்றுக்கொண்டு வந்தார்கள். பல தோற்றன. சுதேசிக்கும் முந்தைய ஒரு ரகசிய சபை செய்த தீக்குச்சி பற்றாமல் போனதைத் தாகூரே தம் நினைவுகளில் கேலியாக எழுதியிருக்கிறார். தோற்றாலும் ஒரு பழக்கம் அங்கே உண்டாகியிருந்தது. தொழில் கற்றுக்கொடுப்பது தேச சேவை, மறைத்து வைப்பது அந்நியன் குணம் என்கிற பழக்கம். சிவகாசி இளைஞர்கள் போய்ச் சேர்ந்த பூர்ண சந்திர ராய் இந்தச் சூழலின் ஆள். இருவரும் அவரிடம் கற்றார்கள். இன்னொரு மாகாணத்துக்காரன், வேற்று மொழிக்காரன், நாளைக்குப் போட்டியாக வரக்கூடியவன் என்ற கணக்கு அங்கே முன்னால் வரவில்லை. வியாபாரத்தை அரசியல் கொஞ்ச காலத்துக்குத் தோற்கடித்திருந்தது. அந்த இடைவெளியில் இவர்கள் நுழைந்தார்கள்.

கல்கத்தா முனையில் கதவு திறந்திருந்தது சரி. சிவகாசி முனையில் அவர்களை வழியனுப்பியது எது? இங்கேதான் வீரபுருஷர் கதை ரொம்பவும் மவுனமாகிவிடுகிறது.

நாடார்களின் உறவின்முறை என்பதைச் சாதிச் சங்கம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தெற்கே பனங்காட்டிலிருந்து வணிகத்துக்கு வந்தவர்கள் ராமநாதபுரத்தின் ஆறு ஊர்களில் (சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி) வண்டிப் பேட்டை அமைத்து, போகிற வருகிற சரக்கில் மகமை எடுத்து, அதைப் பொதுப்பணமாக்கினார்கள். கோயிலுக்கும் கிணற்றுக்கும் வழக்குக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அந்தப் பணம் போனது. 1903இல் பிறந்த காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலையும் மகமையும் பிடியரிசியும் நடத்திய பள்ளிக்கூடம்தான். 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக சேதுபதி வழக்குப் போட்டபோது பிரிவி கவுன்சில் வரை, 1908 வரை, அவர்களால் வழக்காட முடிந்தது. தோற்றார்கள். இடையில் 1899 ஜூன் 6ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து சிவகாசியைத் தாக்கினார்கள். 'சிவகாசிக் கொள்ளை' என்று ஊர் இன்னும் நினைவில் வைத்திருக்கும் சம்பவம். நாடார் மகாஜன சங்கம் 1910இல், தூத்துக்குடியில் நாடார் வங்கி 1921இல். கல்கத்தாப் பயணத்துக்கு முந்தின வருஷம் சொந்த வங்கி வந்துவிட்டது, கவனியுங்கள்.

கோயில் வாசலில் அடிபட்ட ஒரு சமூகம் தனக்கென்று கட்டிக்கொண்ட நிறுவனம் அது. கடன், நம்பிக்கை, தகவல் எல்லாம் அதன் வழியாகவே ஓடின. சர்க்காரிடம் மனு போடத் தேவைப்படாத ஒரு சூழல் அவர்களுக்கு வாய்த்திருந்தது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஸ்டிஞ்ச்காம் 1965இல் ஒரு விசயம் சொன்னார்: புதிய அமைப்புகள் பழையவற்றைவிடச் சீக்கிரம் சாகின்றன, ஏனென்றால் அந்நியர்களை நம்பித்தான் அவை நடக்க வேண்டியிருக்கிறது. சிவகாசியின் முதல் தீப்பெட்டி ஆலை அந்த அர்த்தத்தில் புதியதே இல்லை. அதன் பின்னால் நின்ற அமைப்புக்குப் பல தலைமுறை வயது.

இதைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதே 1922இல் சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளரோ சக்கிலியரோ அதே ரயிலில் ஏறியிருக்க முடியுமா? கல்கத்தாக் கதவு திறந்திருந்தது உண்மை. அதுவரை போய்ச் சேர மகமை வேண்டும், வங்காளம் வரை நீளும் வியாபாரத் தொடர்பு வேண்டும். ஒடுக்கப்பட்ட ஒரு சாதி தன்னை மீட்டுக்கொள்ளக் கட்டிய அமைப்பு, தனக்குக் கீழே வைக்கப்பட்டவர்களுக்கு இன்னொரு கதவாக மாறியதைப் பற்றி நமது வரலாற்றாசிரியர்கள் அதிகம் எழுதவில்லை.

கல்கத்தாவிலிருந்து கொண்டுவந்த அறிவு என்ன ஆனது? 1923இல் ஜெர்மன் இயந்திரங்களோடு ஆலை தொடங்கியது. சில வருஷங்களிலேயே இயந்திரம் ஓரங்கட்டப்பட்டுக் கைத்தொழில் முறைக்கு மாறினார்கள். இருவரும் தனித்தனித் தொழிலும் கண்டார்கள். அணில் மார்க், காக்கா மார்க். கையால் செய்ததன் மூலம் வேலைவாய்ப்பு பெருகியது என்று கொண்டாடுவது வழக்கம். பெருகியது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நடந்ததைக் கறாராகப் பார்த்தால், இயந்திரத்துக்குள் இருந்த அறிவு துண்டு துண்டாக உடைக்கப்பட்டு பெண்கள், குழந்தைகள் விரல்களுக்கு மாற்றப்பட்டது. சட்டத்தில் குச்சி அடுக்க ஒரு கை, மருந்தில் முக்க ஒரு கை, பெட்டி ஒட்ட வீட்டுத் திண்ணையில் நாலு கை. எந்தக் கைக்கும் முழுத் தொழில் தெரியாது. மழை பொய்த்த சீமை இங்கேதான் கதைக்குள் வருகிறது.

சர்க்காரும் இதற்குத் துணை நின்றது. 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரிச் சட்டம் வந்தது. பின்னாளில் உற்பத்தி அளவை வைத்து ஆலைகளை வகை பிரித்து, சின்ன ஆலைக்குக் குறைந்த வரி என்றானது. விம்கோவிடமிருந்து சிறுதொழிலைக் காப்பாற்றும் நல்ல நோக்கம். விளைவு என்ன? பெரிதாக வளர்வதைவிடச் சின்னச் சின்னதாகச் சிதறி நிற்பது லாபம் என்று முதலாளிகள் கற்றுக்கொண்டார்கள். மச்சான் பெயரில் ஒன்று, மருமகன் பெயரில் ஒன்று. ஆக, இரண்டாவது தலைமுறையில் 'தொழில் தெரிஞ்சவன்' என்றால் ரசாயனம் தெரிந்தவன் என்று பொருள் குறைந்துபோனது. கலால் தெரிந்தவன், ஆள் பிடிக்கத் தெரிந்தவன் என்ற பொருள் முன்னால் வந்தது. கல்கத்தாவுக்குப் போகும் வேலையே இல்லை. பக்கத்து ஆபீஸ் போர்மேனை அரை ரூபாய் கூட்டிக் கொடுத்து அழைத்துவந்தால் போதும். ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் இங்கிலாந்துத் தொழிலூர்களைப் பற்றி எழுதியபோது, அங்கே தொழில் ரகசியங்கள் காற்றிலேயே மிதக்கின்றன, குழந்தைகள்கூட அறியாமலே கற்றுக்கொள்கிறார்கள் என்ற அர்த்தத்தில் எழுதினார். சிவகாசியில் குழந்தைகள் கற்றுக்கொண்டது நிஜம். மார்ஷலுக்கு இருந்த சந்தோஷம் நமக்கு வரவில்லை.

உச்ச நீதிமன்றமே ஒருமுறை இதில் விழுந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1990 அக்டோபரில் வந்த தீர்ப்பு, தயாரிப்புப் பகுதியில் குழந்தைகள் கூடாது என்றது. கூடவே, பிரித்து அடுக்கிப் பெட்டியில் போடும் வேலைக்கு இளம் கைகள் பொருத்தமானவை என்றும் சொல்லி, அதை அனுமதித்தது. முதலாளி சொல்லிக்கொண்டிருந்த 'பிஞ்சு விரல்' நியாயம் நீதிமன்ற வாக்கியமாகி வந்தது. 1996 டிசம்பர் 10 தீர்ப்பில்தான் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்ற நிலைக்கு நீதிமன்றம் வந்து சேர்ந்தது. யாருடைய அறிவு சட்டத்தின் மொழிக்குள் நுழைகிறது என்பதற்கு ஆறு வருஷ இடைவெளியில் இரண்டு உதாரணங்கள்.

பட்டாசுக்கு வருவோம். இதன் பிறப்பிலேயே அரசு இருக்கிறது. இரண்டாம் யுத்தத்தில் வெளிநாட்டுப் பட்டாசு நின்றது. 1940 வெடிபொருள் விதிகள் தயாரிப்பை உரிமத்துக்குள் கொண்டுவந்தன. கலர் மத்தாப்பு செய்து பழகியிருந்த தீப்பெட்டிக்காரர்கள் உரிமம் வாங்கிப் பட்டாசு ஆலை தொடங்கினார்கள். தீப்பெட்டியில் வரி செய்த வேலையை இங்கே லைசென்ஸ் செய்தது. மாவட்டத்தில் இதற்கு ஒரு தனி வருணாசிரமமே உண்டு. நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ். எவ்வளவு மருந்து வைத்துக்கொள்ளலாம் என்பதைப் பொறுத்து எந்த அதிகாரி கையெழுத்து என்று பிரித்திருக்கிறது. கடைசி வகைக்கு 15 கிலோ. நாக்பூரில்தான் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் (பெசோ) தலைமையகம்.

புதிதாக ஆலை வைக்கிறவன் இப்போது என்ன அறிவைத் தேடுவான்? அறைக்கும் அறைக்கும் எத்தனை மீட்டர் இடைவெளி, ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது, எந்தப் படிவம், எந்த வரைபடம். இது தேவையில்லாத அறிவு என்று நான் சொல்லவில்லை. இந்த விதிகளால் உயிர்கள் பிழைத்திருக்கின்றன. 1992 ஜனவரி 27ஆம் தேதி அறிவிக்கை குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்துக் கலக்கும் மருந்தைத் தடை செய்தது. உரசினாலே பற்றிக்கொள்ளும் கலவை அது. தொழில் வேறு கலவைகளைக் கற்க வேண்டியதாயிற்று. அரசின் ஒரு தாள் பலருடைய கைப்பழக்கத்தையே மாற்றியது. ஆனால் அதே சமயம், அதிகாரி வரும் நாளில் எப்படி இருக்க வேண்டும், மற்ற நாளில் எப்படி இருக்கலாம் என்கிற இரண்டாவது அறிவையும் அது பிறப்பித்தது. டிமாஜியோ, பாவெல் இருவரும் 1983இல் எழுதிய பிரபலமான கட்டுரை ஒன்றில், ஒரே துறையில் உள்ள அமைப்புகள் ஒன்றையொன்று ஒத்துப்போவதற்கு மூன்று காரணம் சொன்னார்கள்: அரசின் கட்டாயம், பக்கத்தானைப் பார்த்துச் செய்வது, தொழில்முறைப் படிப்பாளிகள் கொண்டுவரும் நெறி. சிவகாசியில் மூன்றும் உண்டு. அவர்கள் கட்டுரையில் இல்லாத நாலாவது ஒன்றும் இங்கே உண்டு. அதன் பெயர் உள்குத்தகை. லைசென்ஸ் ஒருவர் பெயரில், அறைகள் தனித்தனியாக வேறு பலர் கையில். தாளில் ஆலை எல்லா ஆலையையும் போலவே இருக்கும். அறைக்குள் யார், எதை, எவ்வளவு கலக்கிறார் என்பதைத் தாள் அறியாது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் செத்தபோதும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதளவில் செத்தபோதும், நாளிதழ்களில் இந்த உள்குத்தகை என்ற சொல் வந்தது. இரண்டொரு வாரத்தில் போய்விட்டது.

2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடை செய்து, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றது. 2021 அக்டோபர் 29இல் பேரியம் உப்புகளுக்கான தடையை மீண்டும் வலியுறுத்தியது. டெல்லிக் குழந்தைகளின் நுரையீரலுக்காக வந்த வழக்கு. அந்த நுரையீரலைக் கேலி செய்ய நான் தயாரில்லை. நமது இடதுசாரி நண்பர்கள் சிலர் முதலாளிகளோடு சேர்ந்து 'சதி' என்று பேசியது எனக்கு உவப்பாக இல்லை. நம் கேள்வி வேறு. பச்சை வெளிச்சத்துக்குப் பேரியம் நைட்ரேட், சத்தத்துக்கும் மின்னலுக்கும் அலுமினியப் பொடியோடு அதே உப்பு. இது இல்லாமல் பட்டாசு செய்வதெப்படி என்ற அறிவை யாரிடம் கேட்பது?

மறுபடியும் நாக்பூர். பெசோ இருக்கிற அதே ஊரில்தான் நீரி எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. ஸ்வாஸ், சஃபல், ஸ்டார் என்று பெயர் வைத்த கலவைகளை அது உருவாக்கியது. சிவகாசியிலேயே மூலப்பொருள் சோதனைக் கூடமும் வைத்தது. கலவை விவரம் வேண்டுமென்றால் ஆலை ஒப்பந்தம் போட வேண்டும். வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். பிறகு சோதனை, சான்றிதழ், பெட்டியில் க்யூஆர் கோடு.

நூறு வருஷத்துக்கு முன்னால் கல்கத்தாவில் ஒரு தனிமனிதர் போட்டியாளனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார். இன்று பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிக்கூடம் பொதுநன்மைக்காகக் கண்டுபிடித்த கலவையை ரகசிய ஒப்பந்தத்துக்குள் வைக்கிறது. போலிகளைத் தடுக்க வேண்டாமா என்று கேட்கலாம். தடுத்ததா? தடை செய்த ரசாயனம் கைவசம் இருந்ததையும் பெட்டியில் தவறான விவரம் அச்சிட்டதையும் சி.பி.ஐ. அறிக்கையே நீதிமன்றத்தில் வைத்தது. போலிக் க்யூஆர் கோடும் வந்தது. பெரிய ஆலைக்கு ரசாயனம் படித்த ஆள் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரியும். 15 கிலோக்காரர் என்ன செய்வார்? பெரிய ஆலையில் வேலை பார்த்த போர்மேனைத் தேடுவார். அவரோ சொல்லக் கூடாதென்று கட்டப்பட்டவர், அல்லது பாதி தெரிந்தவர். கலவை கிடைக்காது, முத்திரை கிடைக்கும். முத்திரையை அச்சடிக்கச் சிவகாசியில் அச்சகத்துக்கா பஞ்சம்?

இந்த நூறு வருஷத்திலும் யாரும் தட்டாத கதவு ஒன்று இருக்கிறது. மருந்து அறைக்குள் இருப்பவர்களிடம் யாரும் போய்க் கேட்டதில்லை. வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் வேலைக்குப் போகும் பெண்களோடு பேசிப் பாருங்கள். முந்தின நாள் கலந்த மருந்து மிச்சமிருந்தால் காலையில் தொடக்கூடாது, அலுமினியப் பொடியில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும், வெயில் ஏறுமுன் கலவை வேலை முடிந்துவிட வேண்டும். இதெல்லாம் அவர்களுக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "தெரியாமலா தொடுறோம்? மிச்சத்தை அழிச்சா யாரு காசு?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ருசுக் கூலிக்கு வேலை. எத்தனை உருப்படி என்பதற்குத்தான் காசு. நேற்றைய மருந்தைக் கொட்டி அழித்தால் அதை அழிக்கிற நேரத்துக்குக் கூலி இல்லை, உள்குத்தகைக்காரருக்கு மருந்தும் நஷ்டம். அறிவு அங்கே இருக்கிறது. அதன்படி நடக்க அதிகாரம் இல்லை.

விபத்துக்குப் பிறகு எழுதப்படும் காரணம் பெரும்பாலும் ஒரு சொல்: உராய்வு. எதற்கும் எதற்கும் இடையில் என்று கேட்க ஆளில்லை. முதலிப்பட்டியில் அந்த ஆலையின் உரிமம் விதிமீறலுக்காக ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்று பிறகு செய்தி வந்தது. உரிமம் நிறுத்தப்பட்ட விவரம் அதிகாரிக்குத் தெரியும், ஆலைக்குத் தெரியும். அன்று காலை பேருந்தில் வந்து இறங்கி வேலைக்குப் போனவர்களுக்கும், புகையைப் பார்த்து உதவ ஓடிவந்து இரண்டாவது வெடிப்பில் செத்தவர்களுக்கும் அதை யார் சொன்னார்கள்?